இரவல் வாசகரும் சந்தாதாரரும்

படிப்பதற்கு ஆட்கள் உண்டு, காசு கொடுப்பதற்கு ஆட்கள் இல்லை என்னும் முறைப்பாடு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சியந்திரம் வந்து சேர்ந்த காலத்தோடு ஏறக்குறைய ஒத்த வயதுடையது. அமெரிக்க மிஷனரிமாரின் ஆதரவில் 1841ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி உதயதாரகை வெளிவந்த நாள் தொடக்கம், இன்று மின்னஞ்சல் வழியாக வாரந்தோறும் வந்து சேரும் செய்திமடல்கள் வரையில், இலவசமாகப் படிப்பவரைச் சந்தா செலுத்திப் படிப்பவராக மாற்றுவது எவ்வாறு என்னும் வினாவைப் பத்திராதிபர்கள் ஓயாது எழுப்பி வந்திருக்கிறார்கள். விடைகளுக்கும் குறைவில்லை; ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட விடையே முதல் விடை என்று எண்ணியிருப்பதனால், முன்னவர் சொன்னவை இன்னவை, அவை இன்ன காரணத்தால் தளர்ந்தன என்று நிரல்பட நோக்கும் முயற்சி அருகியே காணப்படுகிறது. குடாநாட்டின் அனுபவத்தை நடுவாக வைத்து, தமிழகத்தையும் மேனாடுகளையும் வேண்டிய அளவுக்கு ஒப்புநோக்கி, அவ்விடைகளின் தோற்றத்தையும் வன்மை மென்மைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தருமமாக வந்த அச்சு

காலத்தால் முந்திய விடை, வாசகனிடம் பணம் எதிர்பார்ப்பதே தேவையற்றது என்பதாகும். 1834ஆம் ஆண்டளவில் மானிப்பாயில் நிலைகொண்ட அமெரிக்க மிஷன் அச்சகம், துண்டுப்பிரசுரங்களைப் பெருந்தொகையாக அச்சிட்டுக் கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் இலவசமாக வழங்கியது. உதயதாரகை விலை குறித்து வெளிவந்த பத்திரிகையேயாயினும், அதன் அச்சுக்கூடமும் ஆசிரியர்களாகிய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகியோரின் கல்வியும் மிஷனின் கொடையால் அமைந்தவை. மிஷனுக்கு எதிர்நின்ற சைவரும் கத்தோலிக்கரும் ஏறக்குறைய இவ்வழியிலேயே சென்றனர். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியபோதும், கத்தோலிக்கரின் பாதுகாவலன் 1876இல் தோன்றியபோதும், சைவபரிபாலன சபை 1889இல் இந்து சாதனத்தைத் தொடங்கியபோதும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சமயத் தாபனமோ, சமயாபிமானம் மிக்க பிரபுக்களின் உதவியோ நின்றது. வாசகன் காசு கொடுத்தால் நன்று. கொடாவிடினும் பத்திரிகை நின்றுவிடாது.

இவ்வேற்பாட்டின் குறை வெளிப்படையானது. கொடையாளியின் நோக்கமே பத்திரிகையின் நோக்கமாகிவிடும். அவர் கையை மடக்கிக் கொண்டால் பத்திரிகையும் மடங்கும். அச்சில் வருவது எதுவும் இனாமாகக் கிடைக்கத் தக்கதே என்னும் மனப்பாங்கு இவ்வாறே சமூகத்தில் வேரூன்றியது என்று குற்றஞ்சாட்டுவாரும் உளர். ஆயினும் இக்குற்றச்சாட்டை முழுவதும் ஏற்பதற்கில்லை. எழுத்தறிந்த ஒரு வாசகர் கூட்டமே அந்தக் கொடையால், அந்தப் பள்ளிக்கூடங்களால் உருவானது என்பது ஒருபுறமிருக்க, உலை வைக்கும் போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்துத் தருமத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தை அறிந்த சமூகம் சிறிது சிறிதாக, ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத சமூகம் என்று சொல்லிவிட முடியாது. கொடுக்கும் பழக்கம் இருந்தது. அது பத்திரிகைக்கு உரியது என்னும் எண்ணமே அரும்பவில்லை எனலாம்.

வாசிகசாலை மேசை

இருபதாம் நூற்றாண்டில் வினா வேறு உருவம் பெற்றது. க. மு. செல்லப்பா 1933இல் தம் இல்லத்தில் தொடங்கி அடுத்த ஆண்டில் பொதுமக்களுக்கெனத் திறந்த இலவச நூல்நிலையமே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது என்பதும், 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரியுண்டது என்பதும் யாவரும் அறிந்தவை. அதனினும் ஆரவாரமின்றி, ஊர்தோறும் ஒழுங்கைதோறும் என்று சொல்லத்தக்க அளவுக்கு வாசிகசாலைகளும், பிற்காலத்திற் சனசமூக நிலையங்களும் பெருகின. 1930இல் கொழும்பிலிருந்து வீரகேசரியும், அதே ஆண்டிற் சுன்னாகத்திலிருந்து ஈழகேசரியும், 1932இல் தினகரனும் வெளிவரத் தொடங்கிய பின்னர், அந்நிலையங்களின் நீண்ட மேசைகளில் ஒரு பிரதி காலை தொடக்கம் மாலை வரை எத்தனையோ கைகளுக்கு மாறியது; அரசியற் பக்கம் ஒருவரிடமும் விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடமுமாகப் பத்திரிகை பிரிந்து கிடப்பது அங்கே சர்வ சாதாரணம். முடிதிருத்தும் சலூன்களும் தேநீர்க்கடைகளும் இதே பணியைத் தம்மளவிற் செய்தன.

வாசிகசாலை சந்தாவை அழிக்கிறதா, வளர்க்கிறதா என்னும் விவாதம் இங்கேதான் தோன்றுகிறது. அழிக்கிறது என்பவர்களின் வாதம் எளிமையானது: ஊருக்கு ஒரு பிரதி வந்துவிட்டால், வீட்டுக்கு ஒரு பிரதி ஏன்? வளர்க்கிறது என்பவர்களோ, சுவை அறியாதவன் ஒருநாளும் வாங்கமாட்டான், வாசிகசாலையிற் பழகிய சிறுவனே உத்தியோகம் பெற்றபின் சந்தாதாரனாகிறான் என்பார்கள். இரண்டாம் வாதத்துக்கு ஆதாரமாகப் பல எழுத்தாளர்களின் இளமைக்காலம் காட்டப்படுவதுண்டு. எழுத்தாளர்களை வைத்துப் பொது வாசகரை அளப்பதில் உள்ள வழுவை அவ்வாறு காட்டுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இரு தரப்பாரும் காணாது விட்ட ஒன்று உண்டு. வாசிகசாலை இனாமாக நடந்ததன்று. அங்கத்தவர்களின் மாதாந்தச் சந்தாவும், ஊரவரின் நன்கொடையும், கடல் கடந்து உழைத்தவர்கள் அனுப்பிய பணமுமே பத்திரிகைச் செலவை ஈடுசெய்தன. ஆகவே மேசையிற் பத்திரிகை படித்தவரை இலவச வாசகர் என்று அழைப்பது பத்திராதிபரின் கணக்கில் மட்டுமே பொருந்தும். வாசகர் தம் கணக்கில் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர். அவர் பத்திரிகையை நம்பிக் கொடுக்கவில்லை, தம் ஊரை நம்பிக் கொடுத்தார் என்பதே வேற்றுமை. இவ்வேற்றுமை சிறியதன்று, பின்வரும் கொள்கைகளை நிறுத்துப் பார்ப்பதற்கு அது பெரிதும் பயன்படும்.

தரம் தன்னைத்தானே விற்குமா?

எழுத்தாளர்களே ஆசிரியர்களாக அமர்ந்த காலத்தில் மூன்றாவது விடை செல்வாக்குப் பெற்றது. நல்ல எழுத்தைக் கொடுத்தால் வாசகர் தாமாகவே சந்தா அனுப்புவர் என்பது அது. வரதர், அ. செ. முருகானந்தன் முதலியோர் கூடி 1946இல் தொடங்கிய மறுமலர்ச்சி 1948இல் நின்றுபோயிற்று. சிற்பியின் கலைச்செல்வி 1958 முதல் 1966 வரை நடந்தது. அ. யேசுராசாவின் அலை 1975இல் எழுந்து, இடையீடுகளோடு 1990 வரையில் வந்தது. ஈழத்து இலக்கிய வரலாற்றில் இவை பெற்ற மதிப்பைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இல்லை. எனினும் அம்மதிப்பில் பெரும்பகுதி அவை நின்றுபோன பின்னரே வந்து சேர்ந்தது. புகழ் வருங்காலத்திலிருந்து வருகிறது. அச்சகக் கூலியோ அந்தந்த மாதத்திற் கேட்கப்படுகிறது.

இக்கொள்கைக்கு எதிரான வலிய சான்று 1970களில் கிடைக்கிறது. தென்னிந்திய வணிக இதழ்களின் இறக்குமதியை அப்போதைய அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது, ஈழத்துச் சஞ்சிகைகளும் வீரகேசரிப் பிரசுர நாவல்களும் அதற்கு முன் காணாத அளவில் விலைபோயின. 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் அந்த எழுச்சி தணிந்தது. அக்குறுகிய காலத்தில் ஈழத்து எழுத்தின் தரம் ஒருமுறை உயர்ந்து மறுமுறை தாழ்ந்தது என்று கொள்வதற்கு நியாயமில்லை. மாறியது கடையிற் பக்கத்தில் தொங்கிய இதழே. தரம் வேண்டற்பாலது, ஆனால் வேறு மலிவான பொருள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது அது தனித்து நின்று பணத்தை வரவழைக்கும் என்பதற்குக் குடாநாட்டு வரலாற்றில் உறுதியான சான்று காணல் அரிது.

கதவை அடைத்தல்

மேற்சொன்ன சான்றிலிருந்தே நான்காவது விடையைச் சிலர் பெறுவர்: இலவசமாகக் கிடைக்கும் வழியை அடைத்துவிடுக. தமிழில் இதன் தூய வடிவம் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ். 1959இல் தொடங்கிய அவ்விதழ், கடைகளில் விற்கும் பெருவிற்பனையை நாடாது, பிரதிகளின் தொகைக்குத் தானே ஒரு வரம்பு கட்டி, சந்தாதாரரையே நம்பி வெளிவந்தது, 1970இல் நின்றது. வரம்பை எட்டுவதே பெரும்பாடாக இருந்தது என்பதுதான் அதன் விசனகரமான வரலாறு. மேனாட்டில் லண்டன் டைம்ஸ் 2010இலும் நியூயோர்க் டைம்ஸ் 2011இலும் தம் இணையப் பக்கங்களுக்குக் கட்டணக் கதவு வைத்தன. பின்னது இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரரை உடையது. ஆனால் ரொய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள், செல்வம் மிக்க இருபது நாடுகளை எடுத்துக் கொண்டாலும் இணையச் செய்திக்குப் பணம் செலுத்துவோர் நூற்றுக்குப் பதினேழளவில் நின்றுவிடுவதையே காட்டுகின்றன. உலகமொழியொன்றிற் பேரரங்கு படைத்த பத்திரிகைக்கு அந்தப் பதினேழிற் பெரும்பங்கு சென்றுவிடும். அல்வாயிலிருந்தோ சுன்னாகத்திலிருந்தோ வரும் ஒரு சிறு வெளியீடு அடைக்கும் கதவுக்கு வெளியே வாசகன் காத்துநிற்பான் என்று எதிர்பார்ப்பது பேராசை. அன்றியும், ஊரடங்கும் இடப்பெயர்வும் நிலவிய காலத்துச் செய்தியைக் காசு உள்ளவனுக்கு மட்டும் சொல்வதா என்னும் தார்மிக ஆட்சேபம் இங்கே ஏனைய இடங்களிலும் பார்க்க வன்மையாக ஒலிப்பது இயல்பே.

கையோடு கை

டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கிய மல்லிகை இக்கொள்கைகள் எதற்குள்ளும் அடங்குவதில்லை. முன்சொன்ன சமயத் தாபனங்கள் போன்ற எதுவும் அதன் பின்னே இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, சலூனிலே தொழில் செய்துகொண்டே எழுத்தாளரான ஒருவர், கஸ்தூரியார் வீதியிலிருந்து நடத்திய மாத இதழ் அது. இதழ் அச்சேறியதும் ஆசிரியரே அதனைப் பையிற் சுமந்து, கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் கூட்ட மண்டபங்களிலும் வாசகரை நேரிற் கண்டு கையிற் கொடுத்துக் காசு பெற்றார். நேரில் நின்று நீட்டும் ஆசிரியரிடம், இரவல் வாங்கிப் படித்துக் கொள்கிறேன் என்று சொல்வது எவருக்கும் எளிதன்று. தூண்டில் என்னும் கேள்வி பதிற் பகுதியில் வாசகரோடு அவர் மாதந்தோறும் உரையாடினார். எழுத்தாளர், கலைஞர், சமூகத் தொண்டர் என ஈழத்தில் வாழ்ந்து கொண்டிருந்தவர்களின் உருவங்களை அட்டையிற் பதித்து, அவர்தம் பணிகளை உள்ளே எழுதுவித்தார். மலையகத்துக்கும் திக்குவல்லைக்கும் சிறப்பு மலர் வெளியிட்டார். அட்டையில் ஏறியவரின் உற்றாரும் மாணவரும், மலர் கண்ட ஊரின் இளைஞரும் புதிய வாசகராகினர் என்று கருத இடமுண்டு. வாசிகசாலைக்கு ஊர் எவ்வாறு கொடுத்ததோ, அவ்வாறே ஜீவாவுக்கு ஒரு வட்டம் கொடுத்தது. 1990களின் பிற்பகுதியிற் கொழும்புக்குப் பெயர்ந்தும் 2012 வரையில் 400 இதழ்களுக்கு மேல் அவரால் வெளியிட முடிந்ததை, வேறு எந்தக் கொள்கையாலும் விளக்குவது கடினம்.

மேனாட்டார் இன்று அங்கத்துவம் என்னும் பெயரால் இதனையே வற்புறுத்துகிறார்கள். கதவை அடைக்காமலே வாசகரிடம் உதவி கேட்ட கார்டியன் பத்திரிகைக்கு, 2018ஆம் ஆண்டு முடிவதற்குள், மூன்று ஆண்டுகளிற் பத்து இலட்சம் பேருக்கு மேல் பணம் கொடுத்திருந்தனர். ஆயினும் அது நூற்றாண்டுகளாக நிலைத்த ஒரு தாபனத்தின் பெயர். மல்லிகையோ ஒரு மனிதரின் பெயர். ஜீவாவின் உடல் தளர்ந்தபோது இதழும் நின்றது. ஆசிரியரின் கால்களைப் பொறுத்தே சந்தா என்றால், அதனை ஒரு முறையாக வகுத்துப் பிறருக்குக் கற்பிப்பது எங்ஙனம்? இவ்விடையின் பலமும் பலவீனமும் ஒன்றாகவே இருக்கின்றன.

முற்பணமும் நம்பிக்கையும்

இதுகாறும் கூறிய விடைகள் யாவும் வாசகனின் மனத்தையே ஆராய்கின்றன: அவன் உலோபியா, சுவையறிந்தவனா, அபிமானம் உடையவனா என்று. கொடுக்கல் வாங்கலின் வடிவத்தை எவரும் போதிய அளவுக்கு நோக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். சந்தா என்பது விலை மட்டுமன்று, கடனும் ஆகும். அந்தக் கடனை யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பதே காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கையொப்பக்காரர் பெயரைப் பதிந்து பத்திரிகையை முதலில் அனுப்பிவிட்டுப் பணத்தைப் பின்னர் எதிர்பார்த்தார்கள்; அப்போது கடன் கொடுத்தவர் ஆசிரியர். நிலுவைச் சந்தாவை அனுப்பும்படி மன்றாடியும் வெருட்டியும் எழுதப்பட்ட அறிவித்தல்கள் அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகளிற் சலிப்பூட்டும் அளவுக்கு மலிந்திருப்பதன் காரணம் இதுவே. உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கையில் கையொப்பம் சேர்க்கப் பட்ட பாடு அறியப்பட்டதே.

இருபதாம் நூற்றாண்டுச் சிறு சஞ்சிகைகள் முறையைத் திருப்பிவிட்டன. காசுக்கட்டளை முன்னே, இதழ் பின்னே. இப்போது கடன் கொடுப்பவர் வாசகர். ஓராண்டுக்கு முற்பணம் அனுப்பியவர் ஐந்தாம் மாதத்தில் இதழ் நின்றால் எஞ்சியதை இழக்கிறார். இருபத்துநான்கு இதழோடும், பத்து இதழோடும், சில வேளை இரண்டாம் இதழோடும் நின்றுபோன சஞ்சிகைகள் பல கண்ட ஒரு சமூகத்தில், அடுத்துத் தோன்றும் ஆசிரியர் தமக்கு முன்னவர்கள் தீர்க்காத கடனையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது. நெதர்லாந்தில் 2013இற் கொரஸ்பொண்டென்ற் என்னும் வெளியீட்டுக்கு, ஓர் இதழும் வெளிவருமுன்னரே, பதினையாயிரம் பேருக்கு மேற்பட்டோர் ஆளுக்கு 60 யூரோ வீதம் கொடுத்தனர், அது நிலைத்தது. அதே முறையைப் பின்பற்றி 2019இல் தொடங்கிய அதன் ஆங்கில வெளியீடு அடுத்த ஆண்டு முடிவோடு நின்றது. இத்தகைய முடிவு ஐரோப்பாவில் ஒரு செய்தி; யாழ்ப்பாணத்தில் அது வழக்கம்.

யுத்தம் இந்த நிச்சயமின்மையை உச்சத்துக்குக் கொண்டு சென்றது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையினால் அச்சுத்தாள் கிடையாது போகவே, குடாநாட்டுப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் கிடைத்த வேறு தாள்களிலும் அச்சாகின. 2006 ஆகஸ்டில் குடாநாட்டுக்கான தரைவழியாகிய ஏ9 பாதை மூடப்பட்டபோதும் உதயன் நாளிதழ் பக்கங்களைக் குறைத்தே வெளிவர வேண்டியிருந்தது. அந்நாட்களில் வாசகரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அச்சான பிரதிகள் யாவும் விலைபோயின. ஆனால் அடுத்த கிழமை எவர் எங்கே இருப்பார் என்று தெரியாத நிலையில் ஓராண்டுச் சந்தாவைக் கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. அன்றன்று கடையில் அன்றன்றைய காசு: இருவருக்கும் கடனில்லாத ஏற்பாடு. மல்லிகையின் கைவிற்பனையும் இதே வகையைச் சேர்ந்தது என்பதைக் கவனித்தால், ஜீவாவின் வெற்றியில் ஒரு பங்கு அவருடைய ஆளுமைக்கும் இன்னொரு பங்கு இந்த ஏற்பாட்டுக்கும் உரியன என்று கொள்ளத் தோன்றுகிறது.

கடல் கடந்த சந்தா

இணையத்தின் வருகையோடு பழைய விடைகள் புதிய பெயர்களோடு திரும்பி வந்துள்ளன. 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் போன்ற அமைப்புகள், இலவசமாகச் செய்திமடல் பெறுவோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் பணம் செலுத்துவோராக மாறுவர் என்னும் மதிப்பீட்டைப் பரப்பியுள்ளன. அமைப்பை நடத்துவோரே கூறும் கணக்கு ஆதலின் அதனைச் சற்றுத் தள்ளி வைத்தே நோக்க வேண்டும். மாதந்தோறும் சிறு தொகை கழிக்கப்பட்டு, வேண்டாதபோது நிறுத்திவிடலாம் என்னும் அதன் ஏற்பாடு, முற்பணத்தின் அச்சத்தைப் பெரிதும் குறைப்பது உண்மை.

ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவருக்கு இவ்வழி நேராகத் திறக்கவில்லை. சப்ஸ்டாக் பணம் பெறுவதற்கு நம்பியிருக்கும் ஸ்ட்ரைப் சேவை இலங்கையிற் கணக்கு வழங்குவதில்லை. பேபால் வழியாக இங்கிருந்து பணம் அனுப்ப நெடுங்காலமாக முடிந்ததே தவிரப் பெற முடிந்ததில்லை. ஆகவே ரொறன்ரோவிலோ லண்டனிலோ வசிக்கும் உறவினரின் வங்கிக் கணக்கு இடையில் வேண்டியதாகிறது. தபாற்கந்தோர் ஊருக்கு ஊர் இருந்த காலத்திற் காசுக்கட்டளை எளிதாக இருந்தது. அதனை எண்ணுகையில், இது முன்னேற்றமா என்று ஐயுறத் தோன்றும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அச்சுத்தாள் இன்றிக் கொழும்பின் ஐலண்ட், திவயின பத்திரிகைகளே அச்சுப் பதிப்பை இடைநிறுத்த நேர்ந்த பின்னர், இணையம் ஒன்றே வழி என்று பலரும் கருதுகையில், இத்தடை கூடுதலாக உறுத்துகிறது.

புலம்பெயர்ந்தோரே இன்று பணம் கொடுக்கக் கூடியவர்கள் என்பது பொதுவான கருத்து. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இதற்குச் சான்றாகும்: பழைய உதயதாரகை தொடக்கம் மல்லிகை வரையில் எவரும் இலவசமாகப் படிக்கலாம், செலவைப் பெரும்பாலும் நன்கொடைகள் தாங்குகின்றன. தருமம் என்னும் முதலாவது விடையும் வாசிகசாலை என்னும் இரண்டாவது விடையும் இங்கே ஒன்றாகிவிட்டன எனலாம். ஆனால் பழையதைப் பாதுகாக்கக் கொடுப்பதும் நாளை வரவிருக்கும் இதழுக்குக் கொடுப்பதும் வெவ்வேறு உள்ளப்பாங்குகள். முன்னதில் இழப்பச்சம் இல்லை.

முடியாத வினாக்கள்

தருமம், வாசிகசாலை, தரம், தடை, நேரடி உறவு ஆகிய ஐந்தனுள் எதுவும் தனித்து நின்று இலவச வாசகரைச் சந்தாதாரராக்கியதாகக் குடாநாட்டு வரலாறு காட்டவில்லை. நேரடி உறவு மற்றவற்றிலும் பார்க்கப் பலன் தந்தது என்றும், கடன் சுமையைச் சிறிய தவணைகளாக்கும் ஏற்பாடு அதற்குத் துணைபுரிந்தது என்றும் ஓரளவு துணிந்து சொல்லலாம். புலம்பெயர்ந்த முதலாந் தலைமுறையின் அபிமானம் அவர்களின் பிள்ளைகளிடம் சந்தாவாகத் தொடருமா என்பது தெளிவாகவில்லை. தமிழ் படிக்கும் பழக்கமே அவர்களிடம் எத்துணை நிலைக்கும் என்பதை அது பொறுத்திருக்கிறது. 2007இல் அல்வாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஜீவநதி போன்ற அச்சிதழ்கள் குடாநாட்டு வாசகரை நம்பியே இன்னும் எத்துணைக் காலம் செல்லும் என்பதும் அவ்வாறே.

இவற்றினும் கடினமானது, ஒருவரை நம்பிக் கொடுக்கப்பட்ட பணத்தை ஒரு தாபனத்தை நம்பிக் கொடுக்கும் பணமாக மாற்ற முடியுமா என்னும் வினா. சமயச் சபைகளின் வெளியீடுகளை விலக்கிவிட்டால், இதற்கு எடுத்துக்காட்டத் தக்கது ஈழகேசரியே. அதன் தாபகர் நா. பொன்னையா 1951இல் மறைந்த பின்னரும் அது 1958 வரையில் நடந்தது. அதற்குச் சொந்த அச்சகம் இருந்தது, ஆசிரியப் பீடத்துக்கு ஒரு மரபு இருந்தது, அச்சகத்துக்கு வேறு வருமானமும் இருந்தது. அந்த ஏழு ஆண்டுகளைத் தாங்கியது வாசகரின் சந்தாவா, சுன்னாகத்துத் திருமகள் அழுத்தகத்தின் ஏனைய அச்சு வேலைகளா என்பதைப் பொறுத்தே, இவ்வினாவுக்கு உரிய விடையும் அமையும்.